உப்பிலா விரதமும் வலிப்பு மருந்தும்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. சாமை விளையும் இம்மலையில் முதன்மையான ஊர் ஜமுனாமரத்தூர். பெரிய மருத்துவமனையை நாடுவோர் அங்கிருந்து நெடுந்தொலைவு மலையிறங்கியாக வேண்டும். இத்தகைய இடங்களில், வலிப்பு நோயுற்ற குழந்தைக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கும் பாட்டியே நோயின் முதற்காவலர்.

கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகிய மாத்திரைகள் வலிப்பைத் தடுப்பவை. எனினும் சிலருக்கு இவை சிறுநீரகம் நீரை வெளியேற்றாமல் தேக்கும்படி செய்துவிடுகின்றன. அதனால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது 125க்குக் கீழ் இறங்குவது ஆபத்து. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்நிலை வருவதில்லை. வந்தால் தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம், தடுமாற்றம் ஆகியவை தோன்றும். முற்றினால் வலிப்பே வரும். மருந்து போதவில்லை என்றெண்ணி வீட்டார் தாமே மாத்திரையைக் கூட்டினால், சோடியம் மேலும் இறங்கும். அஞ்சி உடனே நிறுத்தினாலோ, விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஊறு நேரலாம். இவ்விரண்டையும் தவிர்த்து, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே முறை.

டோபிராமேட் என்னும் மருந்து இரத்தத்தில் பைகார்பனேட்டைக் குறைக்கும். வியர்வையையும் குறைப்பதால் கோடையில் குழந்தையின் உடல் கொதிக்கக்கூடும். ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவற்றை நெடுங்காலம் உண்டால் வைட்டமின் டி குறைந்து, சுண்ணாம்புச் சத்தும் எலும்பின் வலிமையும் குன்றலாம்.

திருநாகேஸ்வரம் உப்பிலியப்பனுக்கு உப்பின்றியே நைவேத்தியம் படைக்கப்படுகிறது. சமைக்கையில் உப்பிடவும் அறியாத இளம் பூமிதேவியை ஏற்ற பெருமான், அவளுக்காக உப்பையே துறந்தான் என்கிறது தலபுராணம். அவ்வன்பை நினைந்து பெரியோர் உப்பிலா விரதம் ஏற்கலாம். ஆனால் இம்மாத்திரைகளை உண்ணும் குழந்தையின் பெயரால் அதனை நேர்ந்துகொள்ளுதல் தகாது. உப்பை அள்ளிக் கொடுப்பதும் தீர்வன்று. இங்கே பெரும்பாலும் குறை உப்பில் இல்லை, தேங்கிய நீரில் இருக்கிறது.

இச்செய்தி பேரக்குழந்தைகளுக்கு மட்டுமன்று. சோடியம் இவ்வாறு இறங்குவது முதியோரிடமே மிகுதி. இரத்த அழுத்தத்திற்கெனச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் சேர்த்து உண்போர், தாம் உண்பன அனைத்தையும் மருத்துவரிடம் காட்டிச் சோடியம் அளவைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.