இரவல் கையெழுத்து

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்கள் படுத்துக் கிடக்கின்றன. வளவைத் தாங்கி நிற்பதற்கென்று பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மரங்கள் அவை. அருகே கதவு நிலைகள், எனாமல் தூக்குகள், எவருடைய பாட்டனாரோ சட்டத்துக்குள் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் புகைப்படம். எங்கோ ஒரு வீடு கைமாறியிருக்கிறது அல்லது இடிந்திருக்கிறது.

வீட்டை விற்பதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. பங்காளிகளோ சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பிரிந்து கிடக்கின்றனர். ஓடு மாற்றவும் ஆளில்லாத வீட்டை எத்தனை காலம் பூட்டி வைப்பது? செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். பெருமைதான், ஆனால் அந்தப் பட்டியல் ஒழுகும் கூரைக்கு ஓடு வாங்கித் தராது. விற்பவர் விற்கட்டும். எவர் கைவழியே விற்கிறார், அந்தக் கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியாயிற்று. ஊருக்குத் தகுதி உயரும்போது மனைக்கு விலை உயரும். மனைக்கு விலை உயரும்போது தரகர் பெருகுவர். தரகு இழிந்த தொழிலன்று. எந்த வீடு எத்தனை பங்கு, எந்தப் பங்காளி எவரோடு பேசுவதில்லை, எந்தப் பத்திரம் எவர் பெட்டகத்தில் உறங்குகிறது என்பதையெல்லாம் நினைவிலேயே வைத்திருக்கும் மூத்த தரகர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்குரிய கூலியை முணுமுணுப்பின்றிக் கொடுக்கலாம். ஆயின் அத்தகையோரையும், நேற்றுப் பெயர்ச்சீட்டு அச்சடித்தவரையும் பிரித்தறிய வழி என்ன?

சட்டத்தைக் கேட்டால் அது பாதி வழிதான் துணைக்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற வேண்டிய திட்டங்களின் மனைகளையும் அடுக்ககங்களையும் விற்றுக்கொடுக்கும் முகவர், ஒழுங்குமுறை ஆணையத்தில் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம். அது விற்கப்பட்ட மனையின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை ஏறக்கூடும். புறவழிச்சாலையோரம் கொடி கட்டிய புதுமனைப் பிரிவில் மனை வாங்குவோர் தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவு எண்ணையே. பழைய வீட்டின் மறுவிற்பனையோ அச்சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கிறது. நாற்பது அடி மனையை விற்பவருக்குப் பதிவு வேண்டும். நூறாண்டு வீட்டை நாற்பது வாரிசுகளோடு விற்பவருக்கு வேண்டாம். இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

வாரிசு என்ற சொல்லில்தான் செட்டிநாட்டு விற்பனைகள் பலவும் இடறுகின்றன. "பெண்மக்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்கள் கையெழுத்து எதற்கு?" என்று ஆறுதல் சொல்லும் தரகரை உடனே வாசலோடு அனுப்பிவிடலாம். தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. அன்று மணமாகியிருந்த மகளிர் மட்டும் விடுபட்டனர். 2005-இன் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்தாக வேண்டும் என்பதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயத்தைத் தீர்த்தது. முறையாகப் பதிவான பழைய பாகப்பிரிவினை இருந்தால் கணக்கு வேறு. அப்போது அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சீர் வேறு, பங்கு வேறு.

ஒரு பங்கை மட்டும் மலிவாக வாங்கிப் போடலாம் என்று ஆசை காட்டுவோரும் உளர். பிரிவினையாகாத குடும்ப வீட்டில் அயலார் ஒருவர் பங்கை வாங்கினாலும், மற்றவர்களோடு சேர்ந்து குடியேறும் உரிமை அவருக்குக் கிட்டாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு தடுக்கிறது. அவர் பிரிவினை கேட்டு நீதிமன்றம் போனால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-இன் பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. வாங்கியவர் கையில் பத்திரம் இருக்கும், சாவி இராது. இதைத் தரகர் அறியாதவரானால் அவரால் பயனில்லை. அறிந்தும் சொல்லாதவரானால் அவரைவிட அறியாதவரே மேல்.

இனி, பவர் பத்திரம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனுக்குப் பத்து நாள் கிடைக்கிறது. ஆறாம் நாள் மாலை, முகப்புத் திண்ணையில் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் ஒரு தாள்கட்டு வைக்கப்படுகிறது. "நீங்கள் அலைய வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." விற்க, முன்பணம் பெற, பணத்தை வாங்கி இரசீது தர, வேண்டினால் அடமானம் வைக்கவும், எல்லாவற்றுக்கும் அதில் அதிகாரம் இருக்கிறது. வானூர்தி பிடிக்கும் அவசரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து விழுகிறது. வாங்க வந்தவருக்கும் இதில் கண்ணி உண்டு. வெறும் பவரை நம்பிப் பணம் கொடுத்துச் சொத்து தன்னுடையது என்றிருந்தவர்களுக்கு, பவர் என்பது உரிமை மாற்றமாகாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே மாற்றும் என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கொடுத்தவர் கண்மூடினால் பவரும், பொது விதிப்படி, உடன் முடிந்துபோகும்.

இந்த மண்ணில் இதை எடுத்துச் சொல்ல நேர்வது வேதனைக்குரியது. முகவரை வைத்து வாணிகம் செய்வதில் உலகுக்கே பாடம் நடத்தியவர்கள் நகரத்தார். 1930-களின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விளைநிலம் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. முதலாளி பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை நடத்தியவர் முகவர். அவருக்கும் பவர் உண்டு. ஆனால் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை, பேசி முடித்த சம்பளம், ஊருக்குத் தவறாமல் வரவேண்டிய கணக்கு, தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும் கடமை என்று நான்கு புறமும் கட்டு இருந்தது. ஐந்தொகையில் காலணா இடித்தாலும் கேள்வி வரும். கடல் கடந்த கடைக்கு இத்தனை கட்டு வைத்தவர்களின் பெயரர், பிறந்த வீட்டைத் தேநீர் ஆறுமுன் எழுதித் தருகின்றனர்.

நாம் சொல்வது இதுதான்: ஆள் தேடித் தருவது தரகர் வேலை, கையெழுத்திடுவது அவர் வேலையன்று. வரவே இயலாதெனில் உடன்பிறந்தார், மைத்துனர் என்று விற்பனையில் ஆதாயமற்ற ஒருவருக்கு, இந்த ஒரு சொத்துக்கு, இந்த விலைக்குக் குறையாமல், இத்தனை மாதத்துக்குள் என்று வரம்பிட்டு அதிகாரம் தரலாம். பணம் நேரே உரிமையாளர் கணக்குக்கே வர வேண்டும். தரகருக்குத் தனித்தாளில் தரகு விழுக்காடு, எந்த நாளில் தரப்படும், எதிர்த்தரப்பிலும் வாங்குகிறாரா என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். "உங்களுக்கு இவ்வளவு; அதற்கு மேல் கிடைப்பது எனக்கு" என்ற பேச்சுக்கு இசையவே கூடாது. அந்த நொடியிலிருந்து அவர் உங்கள் முகவரல்லர்; உங்கள் சொத்தில் தம் வாணிகம் நடத்துபவர். மறுவிற்பனைத் தரகருக்குப் பதிவு இல்லையே என்று கை பிசைய வேண்டியதில்லை. 1872-இன் ஒப்பந்தச் சட்டம் எந்த முகவரையும் கட்டும்: கேட்டபோது அவர் கணக்குக் காட்ட வேண்டும், உங்களுக்குத் தெரியாமல் தமக்கெனச் செய்த பேரத்தில் வந்த ஆதாயத்தை நீங்கள் கோரிப் பெறலாம்.

வாங்குவோருக்கும் ஒரு சொல். வில்லங்கச் சான்று தூய்மையாக இருக்கிறது என்று தரகர் அலைபேசியில் காட்டுவார். கணினியில் கிடைப்பது பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது. வீட்டுக்கு அதைவிட ஐம்பது, அறுபது வயது கூடுதல் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கையேட்டுப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள்; தாய்ப்பத்திரத்தின் நகலோடு நில்லாமல் மூலத்தைக் கேளுங்கள். புதுமனையானால் கிராமக் கணக்கில் அந்தப் புல எண் கண்மாய்க்கோ ஊரணிக்கோ போகும் வரத்துக்கால் அன்று என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தை மாதத்தில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால், தரகர் வாயில் "சமதளமான மனை" ஆகிவிடுவதுண்டு. இவற்றை உங்கள் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். தரகர் அழைத்து வரும் வழக்கறிஞர் அல்லர்.

இவ்வளவு கேட்டால் தரகர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குவோர் உண்டு. இரங்கூன் கடைக்குப் போன முகவரிடம் கணக்குக் கேட்டபோது அவர் கோபித்துக்கொண்டதில்லை. பெட்டியைத் திறந்து பேரேட்டை விரித்து வைத்தார்.