வாயில் அறுவை, வலி இடுப்பில்

பல்விளிம்புப் பிளவுக்கு எலும்பு வைத்த குழந்தையிடம் மறுநாள் காலை எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் கை இடுப்பைத்தான் காட்டும். 1972-இல் பாய்னும் சாண்ட்ஸும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கோரைப்பல் முளைக்குமுன் பிளவை எலும்பால் நிரப்புவது நிலைபெற்றுவிட்டது. எலும்பு எடுப்பது இன்றும் பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பான இலியாக் க்ரெஸ்ட்டிலிருந்துதான். வலிக்கான நம் ஏற்பாடு மட்டும் இன்னும் வாயைச் சுற்றியே நிற்கிறது.

இடுப்பில் தையல் போடும்போது தோலுக்கடியில் மரப்பு மருந்தான புபிவகைன் செலுத்திவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது அரைவேலை. நடக்கவிடாத வலி தோலில் பிறப்பதில்லை; உரித்த பெரியாஸ்டியத்திலும் விலக்கிய தசையிலும் பிறக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். வெளிப்பக்கத் தசைகளைத் தொடாமல் உட்பக்கமாக எலும்பெடுத்தால் பாதி வலியை முன்கூட்டியே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. எந்த ஊசியும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது நேரம். ஒருமுறை போட்ட புபிவகைன் சுமார் 4 முதல் 8 மணி நேரம் தாங்கும். மதியம் முடிந்த அறுவைக்கு மரப்பு விடுவது இரவில், வார்டில் ஆட்கள் குறைந்த வேளையில். கேஸ் ஷீட்டிலோ 'வலித்தால் கொடுக்கவும்' என்றிருக்கும். வாயில் தையலோடு படுத்திருக்கும் ஒன்பது வயதுக் குழந்தை வலிக்கிறது என்று எப்படிக் கேட்கும்? பாத்ரூம் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அவ்வளவுதான். மரப்பு விடுமுன்பே பாராசிட்டமாலை மணிக்கணக்குப்படி தொடங்கிவிட வேண்டும். வலி மதிப்பெண்ணையும் படுக்கையில் அல்ல, நடக்கவைத்துக் குறிக்க வேண்டும்.

இடுப்புக் காயத்தில் கதீட்டர் வைத்துத் தொடர்ந்து மரப்பு மருந்து கொடுக்கலாமா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மற்ற வலிமருந்துகள் ஒழுங்காகக் கிடைக்கும் வார்டில் அதன் கூடுதல் பயன் சுருங்கிவிடுகிறது. வைப்பதானால் முனை தசைக்கும் பெரியாஸ்டியத்துக்கும் இடையில் இருக்கட்டும். எலும்புக் குழிக்குள் வேண்டாம். மஜ்ஜைக்குள் விட்ட மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலந்துவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது டோஸ் கணக்கு. 25 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால், புபிவகைன் உச்ச அளவு 50 மி.கி.; 0.25 சதவீதக் கரைசலில் 20 மி.லி. ஆனால் அறுவை மருத்துவர் ஏற்கெனவே வாயில் அட்ரினலின் சேர்த்த 2 சதவீத லிக்னோகைன் 4 மி.லி. போட்டிருப்பார். அது 80 மி.கி. அந்தக் கரைசலுக்குக் கிலோவுக்கு 7 மி.கி. என்ற உச்சத்தில் ஏறக்குறைய 46 சதவீதம் அங்கேயே செலவாகிவிட்டது. இரண்டு மருந்தின் நச்சும் ஒன்றோடொன்று கூடுவதால் இடுப்புக்கு மிஞ்சுவது சுமார் 27 மி.கி., அதாவது 11 மி.லி.க்குள்தான். மயக்க மருத்துவர் கன்னத்தில் இன்ஃப்ராஆர்பிட்டல் ப்ளாக்கும் போட்டிருந்தால் இன்னும் குறையும். வாயில் போட்டவரும் இடுப்பில் போடுபவரும் ஒரே தாளில், ஒரே வரிசையில் எழுதினால்தான் இந்தக் கழித்தல் நடக்கும்.

மயங்கிய குழந்தை உதடு கூசுகிறது, காது இரைகிறது என்று சொல்லப்போவதில்லை. நச்சின் முதல் அறிகுறி ஈசிஜியிலேயே தெரியலாம். அந்த நச்சுக்கு மாற்றான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் தியேட்டரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.லி. என்றால் இந்தக் குழந்தைக்கு முதல் அளவு 37.5 மி.லி. கதீட்டரோடு குழந்தை வார்டுக்குப் போனால் அந்தப் பாட்டிலும் கூடவே போகட்டும்.