நாலு சுள்ளி இருந்தால் சமையல் ரெடியா? கேம்பிங் விறகு அடுப்பு வாங்கும் முன் இதைப் படிங்க!

ஆன்லைனில் ஒரு டென்ட் தேடிப் பாருங்கள். அடுத்த நொடியே ஒரு குட்டி ஸ்டீல் அடுப்பு விளம்பரம் வந்து நிற்கும். 'கேஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், கீழே கிடக்கிற சுள்ளி போதும்' என்பார்கள். பார்க்க டிபன் கேரியரின் ஒரு அடுக்கு மாதிரிதான் இருக்கும். விலையைப் பார்த்தால் வீட்டில் அம்மா, "இதுக்குப் போய் இவ்ளோ காசா?" என்பார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சில இடங்களில் இந்த அடுப்புக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

முதல் லாபம், பயணத்தில். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் லக்கேஜிலும் முடியாது. ரயிலிலும் தடைதான். மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே என்கிறது ரயில்வே சட்டம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். வெறும் தகடாக இருக்கும் விறகு அடுப்பில் அந்த ஆபத்து கிடையாது. கரியைத் துடைத்துப் பையில் போட்டால் முடிந்தது.

ஆனால், கொண்டுபோனதை எங்கே பற்ற வைக்கப் போகிறீர்கள்? தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். அடுப்பு சின்னது, ஸ்டீல், புகை வராது என்ற சமாதானமெல்லாம் அங்கே எடுபடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. அதனால் வனத்துறை அனுமதியோடு போகும் ட்ரெக்கிங் பாதைகளுக்கு இந்த அடுப்பை எடுத்துப்போகவே வேண்டாம். அங்கே கட்டுச்சோறுதான் சரி. புளிசாதத்துக்கு அடுப்பே தேவையில்லை!

மிச்சம் இருப்பவை, தீ மூட்ட அனுமதிக்கும் தனியார் கேம்ப்சைட்டுகள், நண்பரின் தோட்டம், சொந்த ஊர் வயல். அங்கேதான் வாங்குகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

கடையில் பார்க்க வேண்டிய முதல் விஷயம், சுவர் ஒன்றா, இரண்டா என்பது. நல்ல அடுப்புகளுக்கு இரட்டைச் சுவர் இருக்கும். கீழே உள்ள துளை வழியாக நுழையும் காற்று, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் சூடாகிக்கொண்டே மேலே ஏறி, விளிம்புக்குக் கீழே இருக்கும் சின்னத் துளைகள் வழியாக உள்ளே வரும். விறகு எரிந்து கிளம்பும் புகையில் இன்னும் எரியாத வாயுக்கள் இருக்கின்றன அல்லவா, அவை இந்தச் சூடான காற்று பட்டு இரண்டாவது முறை எரியும். அதனால்தான் தீ நன்றாகப் பிடித்த பிறகு புகை குறைந்துவிடுகிறது. மேல் துளைகளில் குட்டிக் குட்டி ஜுவாலைகள் தெரிந்தால் அடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே விறகைத் திணித்து அடைத்தால் இந்த மாயமெல்லாம் நடக்காது. கண் எரிய ஊதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த வகையில் பிரபலமான சோலோ ஸ்டவ் லைட், சுமார் 255 கிராம். ஒருவர், இருவருக்கு டீ, நூடுல்ஸ் போட இது போதும். நாலு பேர் குடும்பத்துக்குச் சோறு வடிக்க நினைத்தால் இந்த சைஸ் சரிவராது. பாத்திரம் பெரிதானால் அடுப்பு கவிழும். அதோடு, மேலிருந்து விறகு போடும் மாடல் என்றால், ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத் தூக்க வேண்டியிருக்கும். பாத்திரம் வைக்கும் வளையத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி வழியாகச் சுள்ளியைச் செருகலாம்.

தட்டையாக மடக்கும் மாடல்கள் பையில் இடமே பிடிக்காது. ஆனால், மெல்லிய ஸ்டீல் தகடு என்றால் சூட்டில் கோணிக்கொள்ளும். அப்புறம் மடக்குவது தனி யுத்தம். டைட்டானியம் எடை குறைவு, விலை அதிகம். தினமும் 15 கிலோமீட்டர் நடப்பவர்களுக்குத்தான் அந்தச் செலவு. காரில் போய் இறங்குகிறவர்களுக்கு எதற்கு?

பயோலைட் கேம்ப்ஸ்டவ் என்று ஒன்று இருக்கிறது. தீயின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, தானே ஃபேன் ஓட்டும், போனுக்கும் சார்ஜ் ஏற்றும். கேட்டதும் ஆசை வரும். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. போன் சார்ஜுக்கு என்றால் ஒரு பவர்பேங்க் போதும் என்பது என் கட்சி.

பால் பவுடர் டின்னில் துளை போட்டு நீங்களே செய்யலாம், தப்பே இல்லை. பெயின்ட் டின்னும் துத்தநாகம் பூசிய தகரமும் மட்டும் வேண்டாம். சூடானால் நச்சுப் புகை வரும்.

எரிக்க, விரல் தடிமனில் காய்ந்த சுள்ளி சரியாக இருக்கும். ஒடித்தால் 'பட்'டென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் அது ஈரம். சவுக்குக் குச்சி, கொட்டாங்குச்சித் துண்டுகள் வீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் போனால் மழைநாளில் தப்பிக்கலாம். அரளிக் குச்சியைத் தொடவே வேண்டாம், அது விஷம்.

பாத்திரம் கரி பிடிக்கும், அதற்கு எந்த கம்பெனியும் தீர்வு சொல்லவில்லை. நம் பாட்டிகள்தான் சொன்னார்கள். அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுங்கள். கழுவும்போது கரி சாம்பலோடு வந்துவிடும். இன்னொன்று, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரம் கூடும், விறகும் கூடும். வீட்டுக் கணக்கில் கொண்டுபோனால் அரைவேக்காடுதான்.

இரவு குளிரும்போது அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். டென்ட் தீப்பிடிப்பது ஒரு பயம் என்றால், அதைவிடப் பெரியது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. புகை நின்றுபோன வெறும் தணலிலிருந்தும் அது வரும். 'ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தேனே' என்பது பாதுகாப்பு ஆகாது.

சமைத்து முடித்ததும் சாம்பலை உதறிவிட்டுப் போய்ப் படுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு சொம்பு. கொட்டாங்குச்சி போட்டிருந்தால் இரண்டு சொம்பு, ஏனென்றால் அதன் தணல் லேசில் அணையாது.