மறைக்க என்ன இருக்கு?

"ஒங்கிட்ட மறைக்க அப்படி என்னய்யா இருக்கு?" என்று சிரித்தார் தோழர் ஒருவர். பழைய போனில் இருந்த கூகுளை எடுத்துவிட்டு லினேஜ் ஓஎஸ் போட்டிருக்கிறேன் என்று சொன்னதற்குத்தான் இந்தச் சிரிப்பு.

வாடகைக்கு வீடு கேட்டுப் போன எடத்தில் தெருப்பேரைப் பாதி முழுங்கிப் பதில் சொன்னவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை நான்தான் தீர்மானிக்கணும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னது சரி. எங்க தங்கச்சி போனுக்கு அது எட்டலை.

2021-ல் பிள்ளை ஃபீஸுக்காக ஒரு கடன் ஆப்பில் 3,000 ரூபாய் வாங்கினாள். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டது. அமுக்கலேன்னா பணம் கிடையாது. அமுக்கினாள். தவணை ஒரு வாரம் தள்ளிப்போச்சு. அத்தைக்கு, கொழுந்தனுக்கு, அவள் வேலை பார்த்த வீட்டம்மாவுக்கு என்று எல்லாருக்கும் 'திருடி' என்று அவள் படத்தோட மெசேஜ். வேலை போச்சு. முந்தியெல்லாம் வட்டிக்காரன் வாசல்ல நின்னு கத்துவான், ஒரு தெருவுக்குத்தான் கேட்கும்.

கடன் ஆப்புகள் நம்பர்களைத் தொடக்கூடாதென்று கூகுள் விதி போட்டது 2023 மே 31 முதல்தான். அதுவும் அதன் கடையில் இருக்கும் ஆப்புகளுக்கு. லிங்க்கில் வருவதை யார் கேட்பது?

கிராஃபீன் ஓஎஸ்ஸில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆப் கேட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாக அது நம்பும். நாம் காட்டாதவரை அதன் கண்ணுக்குத் தெரிவது வெறும் பட்டியல். ஆனா அது பிக்சல் போனுக்கென்று உருவானது. கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்கு என்கிறார்கள் நண்பர்கள், வெலையை மட்டும் சொல்ல மாட்டார்கள். லினேஜ் பல பழைய போன்களில் ஓடும். அதற்கும் பூட்லோடர் பூட்டைத் திறக்க கம்பெனி விடணும். என் பேங்க் ஆப் இதில் திறக்க மாட்டேங்குது. பாஸ்புக்கோட வரிசையில் நிற்கிறேன். தங்கச்சி நின்னா ஒருநாள் கூலி போயிடும்.

அதனால் அவள் போனில் ஓஎஸ்ஸை மாற்றலை. செட்டிங்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பின் அனுமதியாகப் பிடுங்கினோம். டார்ச் லைட் ஆப்புக்கு எதுக்கு நம்பரெல்லாம்? எஃப்-டிராய்டிலிருந்து வேற டார்ச் போட்டுக் கொடுத்தேன்.

தோழரிடம் திரும்பக் கேட்டேன்: ஒங்க போன்ல என் நம்பர் இருக்குல்ல, என்ன பேர்ல போட்டு வச்சிருக்கீங்க, காட்டுங்க.

காட்டவில்லை.