கூழாங்கல் தோட்டம் கற்பிக்கும் இல்லறக் கணக்கு

 

சிக்கனம் என்னும் சொல் நம் இல்லங்களில் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் கேட்கிறது. கையிருப்புக் கரைந்து, மளிகைக் கடைப் பற்று நோட்டில் தொகை ஏறிய பின்னரே, "இனிச் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்று முடிவு செய்கிறோம். மறுமாதம் பணம் வந்து சேர்ந்ததும் அம்முடிவு மறந்துபோகிறது. இதனைக் கண்டு வளரும் பிள்ளைகள், சிக்கனம் என்பது வறுமையின் மறுபெயர் என்றும், பணமுள்ளவர்க்கு அது தேவையில்லை என்றும் கருதிவிடுகின்றனர். இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதைப் புதுச்சேரியை அடுத்துள்ள ஒரு தோட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இம்மாதம் சிந்திப்போம்.

கல் மிஞ்சிய நிலம்

புதுச்சேரி நகருக்கு வடக்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை அடுத்த மேட்டு நிலத்தில் ஆரோவில் அமைந்துள்ளது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அது தொடங்கப்பட்டபோது அந்த மேடு பெரும்பாலும் செம்மண் பொட்டலாகவே கிடந்தது. ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது. மரங்கள் வெட்டப்பட்டன, எஞ்சிய புல்லையும் புதரையும் ஆடுமாடுகள் மேய்ந்தன. மூடியிருந்த பசுமை நீங்கியதும் வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணைக் கரைத்து, ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு, வங்கக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்குக் குடியேறியவர்கள் மரக்கன்றுகளை நட்டதைப் பலரும் அறிவர். ஆனால் கன்று நடுவதோடு மற்றொரு வேலையையும் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. மேட்டில் வரப்புகளை எழுப்பி, பள்ளங்களைக் குறுக்கே அடைத்து, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். நீர் ஓடாமல் நின்றால்தான் மண் நிற்கும். மண் நின்றால்தான் மரம் நிற்கும். இந்த வரிசை தவறினால் எத்தனை கன்றுகள் நட்டாலும் பயனில்லை.

அந்த ஆரோவில்லில், மண் அரித்துக் கல் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு நிலத்தில், 1994-ஆம் ஆண்டில் தீபிகா குந்தாஜி என்னும் பெண்மணியும் பெர்னார்ட் டெக்ளெர்க் என்பவரும் ஒரு தோட்டத்தைத் தொடங்கினர். அதற்கு 'பெபிள் கார்டன்' என்று பெயர். கூழாங்கல் தோட்டம் என்பது அதன் பொருள். பெயரே நிலத்தின் நிலையைச் சொல்லிவிடும்.

அவர்கள் வெளியிலிருந்து வண்டி வண்டியாக மண் கொண்டுவரவில்லை. கடையில் உரம் வாங்கவில்லை. வறண்ட நிலத்திலும் முளைத்து வரக்கூடிய அகேசியா மரங்களை வளரவிட்டனர். அம்மரங்கள் உதிர்த்த சருகையும் சுள்ளியையும் கூட்டி எரிக்காமல், மட்கவைத்துப் புதிய மண்ணை உண்டாக்கினர். அந்த மண்ணைப் பாத்திகளாக அமைத்துக் காய்கறி பயிரிட்டனர். தங்கள் கையுழைப்பையும் காலத்தையுமே முதலாக வைத்தனர். இன்று சந்தையில் காணக் கிடைக்காத பழைய காய்கறி வகைகள் பலவற்றின் விதைகளை அங்கே காத்து, வேண்டியோர்க்குப் பகிர்ந்தளித்தனர். இப்பணிக்காக தீபிகா குந்தாஜிக்கு இந்திய அரசின் நாரி சக்தி விருது வழங்கப்பட்டது.

ஆரோவில் மக்களின் கொள்கை வேறு, நம் மார்க்கம் வேறு. எனினும் உழைப்பிலும் நிருவாகத்திலும் நல்லது எங்கிருந்தாலும் கற்றுக்கொள்வதில் நமக்குத் தடையில்லை.

இத்தோட்டம் நமக்குக் கற்பிப்பது யாது? குறைவாகச் செலவிடுவது சிக்கனத்தின் ஒரு பாதி மட்டுமே. கைக்கு வந்த பொருள் வீணே வெளியேறாமல் தடுத்து, அதனை மீண்டும் பயனாகத் திருப்புவது அதன் மறுபாதி. அந்த மறுபாதியை நாம் மறந்துவிட்டோம்.

ஒளு நீரும் கூரை நீரும்

"ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்போர்க்கு இது பொருந்தும், தெருவோடு ஒட்டிய வீட்டில் வாழும் எங்களுக்கு இதனால் என்ன?" என்று சகோதரிகள் கேட்கலாம். புதுச்சேரியின் காஜி வீதி, முல்லா வீதிப் பகுதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளைப் பாருங்கள். நடுவில் முற்றம்; பின்புறம் கிணறு; அதனையொட்டிச் சிறு கொல்லை. முற்றத்தில் விழுந்த மழை வீட்டுக்குள்ளேயே இறங்கியது. கழுவிய நீர் வாழைக்குப் போயிற்று. அந்த வீடுகளைக் கட்டியோர் சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் நீரின் வழியை அறிந்திருந்தனர். இன்று நம்மில் பலர் முற்றத்தை மூடினோம். கொல்லைக்குச் சிமெண்ட் பூசினோம். கிணற்றைத் தூர்த்து அதன்மேல் குளியலறை கட்டினோம். பின்னர் ஆழ்துளைக் கிணறு தோண்டினோம்.

கடற்கரை நகரில் இதன் விளைவு கடுமையானது. நிலத்தடியில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. மழைநீரை உள்ளே இறங்கவிடாமல் நன்னீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை உவர்ப்பேறிய நீரூற்று இனிப்பாக மாற நெடுங்காலம் ஆகும். புதுச்சேரிக் கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பேறி வருவதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர்.

எங்கள் மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இது குறித்து ஒரு கணக்குக் கொடுத்தேன். நிமிடத்திற்கு ஆறு லிட்டர் வரும் குழாயைத் திறந்துவைத்து இரண்டு நிமிடம் ஒளுச் செய்தால் பன்னிரண்டு லிட்டர் செலவாகும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஐவேளைக்கும் சேர்த்து இருபத்தைந்து ஒளு. ஆகமொத்தம் நாளொன்றுக்கு 300 லிட்டர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்துள்ளார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. அந்த அளவைக் கணக்கிடுவதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேற்படாது. குவளையில் எடுத்து அவ்வாறு ஒளுச் செய்தால் 25 லிட்டர் போதும். மிச்சம் நாளுக்கு 275 லிட்டர். மாதத்திற்கு 8,250 லிட்டர். விடையை எழுதிய மாணவர்கள் சிறிது நேரம் வாய்திறக்கவில்லை. அந்த 25 லிட்டரும்கூட வீணல்ல. சோப்புக் கலவாத அந்நீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஏற்றது. குளித்த நீரையும் துவைத்த நீரையும் கல்வாழையும் சேம்பும் ஏற்றுக்கொள்ளும்.

மற்றொரு கணக்கு கூரையைப் பற்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். புதுச்சேரியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மாடி உள்ள வீட்டின் தலையில் ஆண்டுதோறும் ஒரு இலட்சத்து இருபதாயிரம் லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போனாலும் எஞ்சுவது பெருந்தொகையே. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சிப் பலர் குழாய் பொருத்தினர். ஆண்டுதோறும் மழைக்கு முன் மாடியைப் பெருக்கி, வடிகட்டும் மணலைக் கழுவி வைப்பவர் எத்தனை பேர்?

ஊற்றும் தேக்கமும்

தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்காயராகப் பயின்று, பின்னர் காந்தியடிகளுடன் இணைந்து கிராமத் தொழில்களுக்கு உழைத்த ஜே.சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் குறித்து 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் செல்வத்தை இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய் போன்றவை தேங்கி நிற்கும் செல்வம். எடுக்க எடுக்கக் குறைந்துபோகும். நீர், மரம், விளைச்சல் போன்றவை ஓடிவரும் செல்வம். முறையாகப் பேணினால் மீண்டும் மீண்டும் கிடைக்கும். அவர் தம் இறுதிக் காலத்தை மதுரைக்கு அருகே தே.கல்லுப்பட்டியில் எளிய குடிலில் கழித்து, 1960-இல் மறைந்தார்.

இப்பகுப்பை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். அரபு நாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணமும், பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியமும் ஹலாலானவைதாம். ஆயினும் அவை தேங்கிய செல்வத்தைப் போன்றவை. மகனின் விசா முடிந்தால், பெரியவரின் ஆயுள் முடிந்தால், அவையும் நின்றுவிடும். அன்று அந்த வீட்டில் கீரை முதல் கொத்தமல்லி வரை யாவும் விலைக்கே வாங்கப்படுமானால், ஒரே மாதத்தில் குடும்பம் தள்ளாடும். பணம் வரும் காலத்திலேயே ஒரு முருங்கைப் போத்தை ஊன்றி, நான்கு கோழிகளை வளர்த்து, தையல் போன்ற ஒரு கைத்தொழிலையும் கற்று வைத்த வீடு அந்நாளில் தலைநிமிர்ந்து நிற்கும். இவை பெருவருமானம் தாரா. எனினும் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து காக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இவ்விடத்தில் இரண்டு செய்திகளைக் கூறாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது.

முதலாவது: விரும்பி ஏற்ற எளிமை வேறு, வேறு வழியின்றி வாய்த்த வறுமை வேறு. கூழாங்கல் தோட்டத்தை உருவாக்கியோர் அவ்வாழ்வைத் தாமே தேர்ந்துகொண்டனர். வாடகை அறையில், தண்ணீர்க் குடத்துடன் தெருக்குழாயில் வரிசையில் நிற்கும் பெண்ணிடம் சென்று சிக்கனத்தை உபதேசிப்பது மனிதப் பண்பாகாது. அவள் நம் எல்லோரையும்விடச் சிக்கனமாகவே வாழ்கிறாள். இவ்வறிவுரை, வீணாக்கும் அளவுக்கு வசதி பெற்ற நமக்கே உரியது.

இரண்டாவது: தன்னிறைவான இல்லம் என்ற பெயரில் அவ்வளவு சுமையும் பெண்ணின் தோளில் ஏற்றப்படுமானால் அது அநீதியாகும். சமைப்பவளும் அவளே, துவைப்பவளும் அவளே. இனிச் செடிக்கு நீர் ஊற்றுபவளும், மட்குக் குழி கிளறுபவளும், கோழிக்கூடு கழுவுபவளும் அவளே என்றால், ஆண்கள் செய்யும் சிக்கனம் யாது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள், வீட்டுப் பணிகளில் துணைநின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஃபஜ்ரு தொழுதுவிட்டு வரும் வாப்பாவும் மகனும் கால்மணி நேரம் மண்வெட்டி பிடிப்பதும் அந்த வழிமுறையைச் சார்ந்ததே.

தொடங்கும் வழி

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முற்பட்டால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஆகவே இம்மாதம் மூன்று வேலைகள் மட்டும்.

ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு குவளையும், அடியில் நீர் சேரும் ஒரு பாத்திரமும் வையுங்கள். காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் குப்பை வண்டிக்குக் கொடுக்காமல், அடியில் துளையிட்ட பழைய வாளியில் காய்ந்த இலைகளோடு அடுக்கடுக்காகப் போட்டு மூடி வையுங்கள். சில மாதங்களில் அது கருமண்ணாகும். மீன் கழிவையும் எலும்பையும் அதில் இடாதீர்கள், நாற்றமெடுக்கும். கொல்லையில் இடமிருந்தால் அவற்றைத் தென்னையின் அருகே ஆழப் புதைக்கலாம். பிறகு உடைந்த தொட்டியிலாவது ஒரு பிடி அரைக்கீரை விதையைத் தூவுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் முதல் கீரை கைக்கு வரும். சில செடிகளை மட்டும் பறிக்காமல் முற்றவிட்டு, விதை எடுத்து, நிழலில் காயவைத்து, சிறிது சாம்பல் கலந்து புட்டியில் சேமியுங்கள். விதையும் வீட்டிலேயே கிடைத்தால்தான் சுற்று முழுமை பெறும்.

அந்த முதல் கீரையில் ஒரு பிடியை அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குழம்பு சமைத்தால் சிறிது நீர் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சிக்கனத்தையும் ஈகையையும் ஒரே சட்டியில் வைத்துக் காட்டிய போதனை அது. கஞ்சன் மிச்சம் பிடித்ததைப் பூட்டி வைப்பான். சிக்கனமானவன் அதனைப் பகிர்வான். கல் மிஞ்சிய நிலத்தில் விளைந்த விதைகளையே பிறருக்குப் பகிர்ந்திருக்கின்றனர். மழையும் மண்ணும் அருளப்பெற்ற நமக்கு ஒரு பிடி கீரை பெரிதன்று.