ஆளைக் கட்டிப்போட முடியாது

ஒப்பந்தம் இருக்கும்போது அணி மாறிய சைக்கிள் வீரர் உய்டெப்ரூக்ஸ் நன்றி கெட்டவர் என்கிறீர்கள். ஏற்க மாட்டேன். 2023 டிசம்பரில் போரா அணியிலிருந்து விஸ்மா அணிக்குப் போனபோது அந்த பெல்ஜியப் பையனுக்கு 20 வயது. ஒப்பந்தத்தில் ஓராண்டு பாக்கி இருந்தது உண்மைதான், பேசித் தீர்த்தார்கள். 2018-ல் ஒப்பந்தத்தின் பாதியில் அணியை விட்டு விலகிய இன்னொரு சைக்கிள் வீரர் வவுட் வான் ஆர்ட்டை 6,62,000 யூரோ கட்டச் சொன்னது நீதிமன்றம். பணம் கேளுங்கள், நியாயம். ஆளையே பிடித்துவைக்கக் கேட்பது அநியாயம். ஒப்பந்தம் முடிந்தபின்னும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என்று கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மைசூரில் விடியற்காலை சைக்கிளில் சாமுண்டி மலை ஏறும் பையன்களைப் பாருங்கள். பாதி மலை ஏறுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். தேய்வது அவர்கள் முழங்கால். யாருக்காகத் தேய்வது என்பதை வேறொருவர் எப்படித் தீர்மானிக்கலாம்?