கால் நடுங்கினால் நடுங்கட்டும்

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்காலியிலிருந்து மைக் வரை பத்தடிதான். அதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, உள்ளங்கை சில்லிடுகிறது, நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது. "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்று அந்தப் பத்தடிக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். அவசர முடிவு அது.

பல கண்கள் ஒருசேர நம்மைப் பார்ப்பதை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. தசைக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை குளிர்கிறது. செரிமான வேலை தள்ளிப்போடப்படுவதால் எச்சில் வற்றுகிறது. தெருநாய் துரத்தும்போதும் இதே ஏற்பாடுதான். அப்போது யாரும் தன்னைக் கோழை என்று திட்டிக்கொள்வதில்லை.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் 1993-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். முகத்தில் சலனமே காட்டாத ஒரு குழுவின் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு மன அழுத்தத்தை வரவழைக்க இன்றும் உலகெங்கும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நடுக்கம் அவ்வளவு பொதுவானது.

இன்னொன்று, நம் நடுக்கம் நமக்குத் தெரிகிற அளவுக்குக் கேட்பவருக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகும் மாணவர்கள் சிலரிடம் இந்த உண்மையை மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

அப்படியானால் பேச்சு எங்கே தடுக்கி விழுகிறது? என் அனுபவத்தில், மனப்பாடத்தில். எட்டாம் வகுப்பில் சுதந்திர தின விழாவுக்கு ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். 'ஆன்றோர்களே, சான்றோர்களே' வரை அருவி மாதிரி கொட்டியது. நான்காம் வரியில் 'ஆகவே' என்ற ஒரு சொல் வரவில்லை. அதோடு இரண்டு பக்கமும் போயிற்று. பந்தல் ஓரத்தில் நின்ற ஆசிரியர் வாயை அகலத் திறந்து 'ஆ... ஆ...' என்று காட்டினார். எனக்குப் புரியவில்லை, நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்லைச் சொல்லாகக் கோத்தால் நூல் ஓரிடத்தில் அறுந்ததும் எல்லா மணியும் கொட்டிவிடும்.

காந்தியின் சுயசரிதையிலும் இப்படி ஓர் இடம் வருகிறது. 1891-இல் பாரிஸ்டராகி ஊர் திரும்பியவருக்கு பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார், பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றிப் பேசினார். தன் முதல் பொதுப்பேச்சு என்று அவரே குறிப்பிடுவது அதைத்தான். பொருளை ஓரளவு தயார்செய்துகொண்டு போனதாகவும் எழுதுகிறார். இரண்டு ஆண்டில் கூச்சம் போய்விடவில்லை. அந்த மக்களிடம் சொல்ல அவருக்கு ஒரு விஷயம் இருந்தது. வள்ளுவர் 'அவை அறிதலை' முன்னே வைத்து 'அவை அஞ்சாமையை' அடுத்து வைத்திருப்பதும், யாரிடம் என்ன சொல்கிறோம் என்பது தெளிந்தபின்தான் துணிவு வரும் என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் நெட்டுருப் போடுங்கள்; பதற்றம் உச்சத்தில் இருப்பது அந்த அரை நிமிடம்தான். மீதியை நாலைந்து குறிப்பாக ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். அழைத்ததும் ஓடாமல் ஒருமுறை மூச்சை நிதானமாக வெளியே விட்டுவிட்டு எழுந்திருங்கள்.

பயத்தால் படிப்பையோ வேலையையோ விடும் நிலை வந்தால் அது வெறும் கூச்சமல்ல; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிகிச்சை உண்டு. நண்பர் சொன்னார் என்று படபடப்பைக் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம். அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவுக்குப் பிள்ளையிடம் இரண்டு பக்கம் எழுதி நீட்டாதீர்கள். "நீ என்ன சொல்லப்போறே?" என்று கேளுங்கள்.